கோழி நாடாப்புழு மாதிரிகளை இனம் பிரிக்கையில் விடும் பிழைகள்

நூதனசாலைப் போத்தலிலிருந்து எடுத்த நாடாப்புழுவின் நீள அகலத்தை நம்பி இனம் பிரிக்க முடியாது. உயிரோடு போமலினில் (உடலைக் கெடாமல் காக்கும் திரவம்) போட்ட புழு சுருங்கித் தடித்து, கண்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதே இனத்தை உப்புக்கரைசலில் தளரவிட்டு, சூடான போமலினில் பதப்படுத்தியிருந்தால் நீண்டு மெலிந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறு இனம் என்றே தோன்றும்.

தோட்டக் குடியிருப்பான லயன்களின் பின்புறம் மேயும் நாட்டுக்கோழியின் குடலில் இருக்கக்கூடிய ரைலியெட்டினா பேரினப் புழுக்களில்தான் (டெட்ராகோனா, எக்கினோபோத்ரிடா, செஸ்டிசில்லஸ் என்ற மூன்று இனங்கள்) இந்தச் சிக்கல் அதிகம். டெட்ராகோனாவுக்குக் கழுத்து உண்டு, எக்கினோபோத்ரிடாவுக்கு இல்லை என்று பாடநூல் சொல்லும். சுருங்கிய டெட்ராகோனாவிலும் கழுத்து தெரியாது என்பதுதான் தொல்லை. ஆகவே தலைமுனைக் கொக்கிகளை எண்ணுங்கள். டெட்ராகோனாவில் சுமார் 100, நீளம் 6 முதல் 8 மைக்ரோமீற்றர். எக்கினோபோத்ரிடாவில் இரு வரிசையில் சுமார் 200, நீளம் 10 முதல் 13. செஸ்டிசில்லஸில் 400 முதல் 500 வரை இருக்கும். ஆனால் அதன் தலையிலுள்ள உறிஞ்சிகளில் முள் கிடையாது. அதன் முட்டைப் பொதியில் ஒரே முட்டை, மற்ற இரண்டிலும் பல. கொக்கிகள் உதிராதிருந்தால், புழு எப்படிச் செத்திருந்தாலும் இந்த எண்கள் மாறா.

எண்ணுவதற்குத் தலையை ஒரு துளி லக்டோபீனோலில் (மாதிரியைத் தெளிவாக்கும் திரவம்) முகம் மேலாக வைத்து, மூடிக்கண்ணாடியால் மெல்ல அழுத்தி, 100 மடங்கு எண்ணெய் வில்லையில் பாருங்கள். இனத்தை முதலில் விவரித்த மூல மாதிரியில் மட்டும் கை வைக்காதீர்கள். பழைய மாதிரிகளில் கொக்கிகள் எளிதில் உதிரும். தலைமுனை வெறுமையாக இருந்தால் 'கொக்கி காணப்படவில்லை' என்று எழுதுங்கள், 'கொக்கியற்றது' என்றல்ல. இந்த ஒரு சொல்லால் பொய்யான புது இனங்கள் பிறக்கும்.

ஒரு போத்தல் என்றால் ஒரு இனம் என்றும் எண்ணிவிடக்கூடாது. ஒரே கோழியில் இரண்டு மூன்று இனங்கள் சேர்ந்திருக்கும். தலையும் முதிர்ந்த கண்டமும் ஒட்டியிராவிட்டால் அவற்றை ஒரே புழுவாகப் பதியாதீர்கள்.

உள்ளுறுப்புகளைப் பார்க்கச் சாயமேற்றுவதில் இலங்கை மலைநாட்டுக்கென்றே ஒரு பிரச்சினை. ஹட்டன் பக்கம் மழைக்காலத்தில் திறந்துவைத்த, மாதிரியை நீரகற்றும் தூய எதனோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு மாதிரியைத் தெளிவாக்கும் சைலீனில் இட்டதும் மாதிரி பால்போல் வெளுத்து, கருப்பையும் விந்தகமும் மறைந்துபோகும். அப்படி ஆனால் புதிய தூய எதனோலுக்குத் திரும்பி மீண்டும் நீரகற்றுங்கள். சைலீனை விடக் கிராம்பு எண்ணெய் நல்லது. 95% எதனோலிலிருந்தே நேராகப் போகலாம், சிறிது ஈரத்தையும் பொறுக்கும். கார்மைன் என்ற சிவப்புச் சாயம் மிஞ்சினால், 1% ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த 70% எதனோலில், நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டே நிறம் குறையுங்கள். கடிகாரத்தைப் பார்த்துச் செய்தால் வீணாகும்.

லேபிளில் 'நுவரெலியா' என்றிருந்தால் உடனே நகரத்தின் 1,868 மீற்றர் உயரத்தைப் பதியாதீர்கள். மாவட்டத்தைக் குறித்திருக்கலாம், அது கொத்மலைப் பக்கம் வரை இறங்கும். 'கோழி' என்பதும் வீட்டுக்கோழியா இலங்கைக் காட்டுக்கோழியா என்று பதிவேட்டில் சரிபாருங்கள். பழைய லேபிளை எறியாமல் போத்தலுக்குள்ளேயே விட்டு, புதியதைப் பென்சிலால் எழுதிச் சேருங்கள். போல்பொயின்ட் மை எதனோலில் கரைந்துவிடும்.

மரபணுச் சோதனைக்குப் போமலின் மாதிரி பெரும்பாலும் உதவாது. புதிதாகச் சேகரிக்கும் புழுவில் நடுத்துண்டை மட்டும் 95% எதனோலில் வைத்து, தலையையும் முதிர்ந்த கண்டங்களையும் அதே பதிவெண்ணில் சாயமேற்றிப் பாதுகாத்து வையுங்கள்.