வௌவாலுக்குப் பெட்டி மாட்டும் முன்

வௌவாலை விரட்ட வழி கேட்பவர்களுக்கு நடுவே, தோட்டத்தில் தங்கவைக்க வழி கேட்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். ஆனால் பலரும் வெளிநாட்டு வரைபடத்தைப் பார்த்து வௌவால் தங்கும் மரப்பெட்டி செய்து, அதில் சொன்னபடியே கறுப்பு பெயின்டும் அடித்துவிடுகிறார்கள். அது குளிர் நாடுகளில் குட்டிகளுக்குக் கதகதப்பு கிடைக்கச் சொன்ன யோசனை. நம் ஊர் மே மாதத்தில், மேற்குச் சுவரில் தொங்கும் கறுப்புப் பெட்டி உயிரையே எடுத்துவிடும். உள்ளே 40 டிகிரியைத் தாண்டினால் வௌவாலுக்கு ஆபத்து. வெளிர் நிறம் போதும். காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சுவர் நல்லது. தகரம் கூடவே கூடாது.

சிட்டுக்குருவிப் பெட்டி மாதிரி முன்னால் ஓட்டை போடவும் வேண்டாம். வௌவால் கீழிருந்து தொற்றி ஏறும். அடிப்பக்கம் திறந்திருந்தால் எச்சமும் தானாக விழுந்துவிடும். பலகைகளுக்கு நடுவே 2 செ.மீ. இடைவெளி போதும். பலகையை இழைக்காதீர்கள், சொரசொரப்பு இருந்தால்தான் நகம் பிடிக்கும். 12 அடிக்குக் குறையாத உயரத்தில், விளக்கு வெளிச்சம் படாமல் மாட்டுங்கள்.

சரி, இத்தனையும் செய்தாலும் வரக்கூடியது பூச்சி தின்னும் சிறு வௌவால்தான். கொய்யாவையும் சப்போட்டாவையும் தேடி வரும் பழந்தின்னி பெட்டிக்குள் நுழையாது. அதற்கு மரம்தான் வீடு. குட்டைமூக்குப் பழந்தின்னியில் ஆண் வௌவால் பனையோலையின் நரம்புகளைக் கடித்து மடக்கிக் கூடாரம் செய்யும். நெட்டிலிங்கத்தில் என்றால் சிறு கிளைகளையும் இலைகளையும் கடித்துப்போட்டு நடுவே குடைவாக இடம் பண்ணும். பெண் வௌவால்கள் அங்கே வந்து சேரும். தோட்டம் சுத்தமாக இருக்கட்டும் என்று பனையின் காவோலையை முழுக்க வெட்டுவதும், நெட்டிலிங்கத்தை ஒட்டக் கழிப்பதும் குடியிருக்கும் வீட்டை இடிப்பதுதான். பெட்டி மாட்டுவதைவிட இவற்றை விட்டுவைப்பதே பெரிய உதவி என்பேன். கழித்தே ஆக வேண்டுமென்றால் முதலில் அண்ணாந்து பாருங்கள். பிப்ரவரி–மார்ச்சிலும் ஜூன்–ஜூலையிலும் தாயின் வயிற்றைக் கவ்வியபடி குட்டி இருக்கலாம்.

பழத்தைக் காக்க மரத்தின்மேல் மெல்லிய நைலான் வலை போடுவதும் கொடுமை. சிக்கினால் இறக்கை கிழிந்துவிடும். பழங்களுக்குத் துணிப்பை கட்டினால் போதுமே. இலவம்பூவில் மகரந்தம் சேர்ப்பதும் இலுப்பை விதையைப் பரப்புவதும் இதே பழந்தின்னிகள்தான். 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்படும்வரை இவை தீங்கு விலங்குப் பட்டியலில் இருந்தன.

2018-இல் கோழிக்கோட்டில் பழந்தின்னிகளிடமிருந்து பரவும் நிபா வைரஸ் காய்ச்சல் வந்த பிறகு, வௌவால் தங்கும் மரத்தையே வெட்டச் சொல்கிறவர்கள் உண்டு. வெட்டினால் கூட்டம் கலைந்து வேறு மரத்துக்குப் போகும், அவ்வளவுதான். வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், பதநீர்க் கலயத்தை மூடிக் கட்டுங்கள். கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொடாமல், தடித்த துணியால் எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.