மூக்கு ஒப்பரேசன்: ஐந்தாம் நாள் வந்த அடைப்பு

வளைந்திருந்த மூக்கின் நடுச்சுவரை நேராக்கினார்கள். இரண்டாம் நாள் உள்ளே வைத்த பஞ்சை எடுத்ததும் காற்று குளுகுளுவென்று ஓடியது. மாங்குளம் வீட்டுக்கு வந்து ஐந்தாம் நாள் திரும்பவும் அடைப்பு. எல்லாம் பிழைத்துப் போச்சோ என்று அழுகையே வந்தது.

கிளினிக்கில் பார்த்தால் உள்வீக்கமும் காய்ந்த பொருக்கும்தான்.

"தம்பி, மூக்குச் சீறாதேங்கோ, நோண்டாதேங்கோ. உப்புத் தண்ணியால கழுவுங்கோ" என்றார் தாதி அக்கா.

கொதித்து ஆறிய தண்ணீரில், அங்கே தந்த உப்புத்தூளைக் கரைத்து, குனிந்து, வாயால் மூச்சு விட்டபடி நாளுக்கு மூன்று தரம் கழுவினேன். மூன்றாம் நாள் புளியங்கொட்டை அளவில் செம்பழுப்புப் பொருக்கொன்று தானாக வழுக்கி விழுந்தது. அந்த மூச்சு!

இரவில் இரண்டு தலையணை. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மினேன். அறுவடைப் புழுதிக்குப் பயந்து இரண்டு கிழமை வயல் பக்கமே போகவில்லை. இரத்தம் நிற்காமல் வந்தால் மட்டும் வீட்டில் நிற்காதேங்கோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.