‘ஒருமுறைகூட மக்கர் பண்ணியதில்லை’: கைத்துப்பாக்கியை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் கைத்துப்பாக்கி பற்றிப் பேச ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் மாக் 50, பமாஸ் என்று தாங்கள் பழகிய பிஸ்டல்களில் ஆரம்பிப்பார்கள். இந்திய இராணுவத்தில் 9 எம்எம் சுட்டுப் பழகியவர்கள் அதைத்தான் உயர்த்திப் பேசுவார்கள். இரு தரப்பும் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு: “இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட மக்கர் பண்ணியதில்லை.” புதிதாக லைசன்ஸ் கிடைத்து எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர் இந்த ஒரு வரியை நம்பிக் கடைக்குப் போகிறார்.

அப்படிச் சொல்பவரிடம் கேட்க வேண்டியது, “மொத்தம் எத்தனை ரவுண்டு சுட்டிருப்பீங்க, ஐயா?” என்பதுதான். வருஷங்களை எண்ணிப் பயனில்லை. இருபது வருஷம் இடுப்பில் இருந்த துப்பாக்கி மொத்தமே சில நூறு தோட்டாக்களைச் சுட்டிருக்கலாம். லைசன்ஸில் குறித்த அளவுக்கு மேல் தோட்டா வாங்க முடியாத நம் ஊரில் அதுகூட அதிகம்.

200 ரவுண்டு தடங்கலே இல்லாமல் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 3-ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்தால், கோளாறு விகிதம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பது 95 விழுக்காடு நம்பிக்கையோடு கிடைக்கும். 3/200 என்றால் 1.5 விழுக்காடு. அதாவது சராசரியாக 67 ரவுண்டுக்கு ஒருமுறை சிக்கக்கூடிய துப்பாக்கியாகக்கூட அது இருக்கலாம். அந்த 200 ரவுண்டு அதை மறுக்கவில்லை. 2000-க்கு ஒன்றுக்கு மேல் சிக்காது என்று சொல்ல வேண்டுமானால் 6000 ரவுண்டு சுத்தமாகப் போயிருக்க வேண்டும்.

6000 ரவுண்டு யார் சுடுவார்கள்? 1911 மார்ச்சில் அமெரிக்க இராணுவம் சுட்டது. பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் பிஸ்டல் அத்தனையையும் தடங்கலின்றித் தாண்டியது. போட்டியிட்ட சாவேஜ் பிஸ்டல் 37 முறை தடுமாறியது. இன்றுவரை பெருமையாகச் சொல்லப்படும் சோதனை. ஆனால் சுடப்பட்டது ஒரே ஒரு கோல்ட், அதையும் ஆயிரம் ரவுண்டுக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போட்டார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானைக்குச் சரி. எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வேகிறது. துப்பாக்கிக்கு மேகசின் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) வேறு, தோட்டா வேறு, பிடிக்கிற கை வேறு.

சரி, அனுபவத்தை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டால் போதுமா என்றால், அங்கேதான் படித்தவர்கள் சறுக்குகிறார்கள். 2017-இல் அமெரிக்க இராணுவம் எம்17 பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு தடங்கல்களுக்கு இடையே சராசரியாக 2000 ரவுண்டு போக வேண்டும் என்பது நிபந்தனை. சோதனையில் சாதாரணத் தோட்டாவுக்கு வந்தது 343. அதே பிஸ்டலில் வேறு வகைத் தோட்டா போட்டபோது 708. தடங்கல்களில் பாதிக்கு மேல், கடைசித் தோட்டா தீர்ந்தபின் ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) பின்னால் நிற்காமல் போனவை. முக்கியக் காரணம், சுடுபவரின் கட்டைவிரல் ஸ்லைடு நிறுத்தும் நெம்புகோலின் மேல் படிந்திருந்தது. ஆகவே 343 என்ற எண்ணைத் தனியாகக் காட்டி ‘குப்பைத் துப்பாக்கி’ என்பதும் தவறு, அதை மறைத்து ‘இராணுவமே வாங்கிவிட்டது’ என்பதும் தவறு. எதைத் தடங்கல் என்று எண்ணினார்கள், எந்தத் தோட்டா, யார் கை என்று தெரியாத எண்ணுக்கு மதிப்பு குறைவு.

இராணுவம் வாங்கியது என்பதையே சான்றாகக் கொள்வதும் வேண்டாம். விலை, உதிரிபாகம், பயிற்சி எல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது. எம்17-ஐத் தேர்ந்தெடுத்த அந்த அமெரிக்கப் போட்டியில் தோற்ற குளோக் நிறுவனத்தின் பிஸ்டலைத்தான் 2020-இல் பிரெஞ்சு இராணுவம் மாக் 50-க்கும் பமாஸுக்கும் பதிலாக எடுத்தது.

அந்த 343-ஐ வைத்தே இன்னொரு கணக்கு. எனக்கு மிகவும் பிடித்தது இது. சராசரி 343 உள்ள துப்பாக்கிகளை நூறு பேரிடம் கொடுத்து ஆளுக்கு 200 ரவுண்டு சுடச் சொன்னால், ஏறக்குறைய 56 பேர் ஒரு தடங்கலையும் பார்க்க மாட்டார்கள். நிபந்தனையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத துப்பாக்கிக்கு 56 பேர் சத்தியம் செய்வார்கள்! சராசரி 2000 உள்ள நல்ல துப்பாக்கியைக் கொடுத்தாலோ, ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒருவர் 200-க்குள் தடங்கலைச் சந்தித்து அதைத் திட்டிக்கொண்டு திரிவார். டீக்கடையில் இவர்கள் இருவரும் சந்தித்தால் யார் பேச்சு எடுபடும் என்பது குரலைப் பொறுத்தது. 2000 சராசரி என்றால் முதல் 2000 நிச்சயம் என்றும் அர்த்தமில்லை. அத்தனை ரவுண்டும் தடங்கலின்றிப் போகும் வாய்ப்பு 37 விழுக்காடுதான்.

‘ரிவால்வர் (சுழலும் உருளையில் தோட்டா போடும் துப்பாக்கி) சிக்கவே சிக்காது’ என்பது தனி ரகம். சிக்குவது குறைவு, உண்மை. சிக்கினால் பிஸ்டலைப் போல ஸ்லைடை இழுத்துச் சரிசெய்ய முடியாது. எரியாத மருந்துத் துகள் வெற்றுறைகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டின் கீழே சேர்ந்தாலோ, சுடும்போது வரும் உதைப்பில் குண்டு உறையிலிருந்து முன்னால் நழுவினாலோ உருளை சுழலாமல் நின்றுவிடும்.

நம் உப்புக்காற்று எந்த அட்டவணையிலும் உங்களுக்காக எழுதப்பட்டிருக்காது. தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; அதிலேயே துப்பாக்கியைப் போட்டுப் பீரோவில் வைக்காதீர்கள்.

அப்புறம் சொந்த அனுபவம் எதற்குத்தான் உதவும்? உங்கள் கையில் உள்ள அந்த ஒன்றை அறிய. மாடலை எடைபோட ஆயிரக்கணக்கான ரவுண்டு, பல துப்பாக்கி வேண்டும். உங்கள் துப்பாக்கியைக் கவனிக்க ஒரு நோட்டு போதும். மேகசின்களுக்குப் பெயின்டால் எண் போடுங்கள். சுடுதளத்தில் ஒவ்வொரு முறையும் எத்தனை ரவுண்டு, எந்தப் பெட்டித் தோட்டா, எந்த மேகசின், என்ன தடங்கல் என்று குறியுங்கள். மூன்று தடங்கலும் 2-ஆம் எண் மேகசினில் என்றால் துப்பாக்கியைத் திட்டாமல் மேகசினை மாற்றுங்கள். தேர்தலுக்காக ஒப்படைத்துத் திரும்ப வாங்கியதும் துருவைப் பார்த்து, எண்ணெய் போட்டு, ஒருமுறை சுடுதளத்துக்குக் கொண்டுபோய் வந்து அதையும் அந்த நோட்டில் எழுதுங்கள்.