சொந்த போட்டோவை வால்பேப்பரா, லாக் ஸ்கிரீனா வைக்கலாம் வாங்க – தலை வெட்டுப்படாம, மங்காம

விண்டோஸ் 11ல எப்படின்னு சொல்றேன், 10லயும் கிட்டத்தட்ட இதேதான், மெனு மட்டும் கொஞ்சம் இடம் மாறி இருக்கும்.

டெஸ்க்டாப்ல காலி இடத்துல ரைட் கிளிக், பர்சனலைஸ், பேக்ரவுண்ட், அதுல பிக்சர்னு வெச்சு பிரவுஸ் பண்ணி படத்த காட்டினா வால்பேப்பர் மாறிடும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனா நல்லா வரணும்னா வேலை அதுக்கு முன்னாடியே இருக்கு.

முதல்ல ஸ்கிரீன் அளவு. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளேல ரெசல்யூஷன், அதாவது ஸ்கிரீன்ல எத்தன புள்ளி இருக்குன்னு பாருங்க. நிறைய லேப்டாப்ல 1920 × 1080தான். படம் அதவிட சின்னதா இருந்தா இழுத்து பெருசாக்கும், அப்ப மங்கலாத்தான் தெரியும்.

அடுத்து கிராப், அதாவது படத்த வேண்டிய அளவுக்கு வெட்டறது, இங்கதான் நான் ரொம்ப நேரம் மண்டைய உடைச்சிக்கிட்டேன். குரூப் போட்டோ வெச்சா பின்வரிசைல நின்னவங்க தலையெல்லாம் காணோம். காரணம் என்னன்னா போன் கேமரா பொதுவா 4:3ல (அகலம்:உயரம்) எடுக்கும், 1920 × 1080 ஸ்கிரீன் 16:9, பேக்ரவுண்ட் பக்கத்துல டிஃபால்ட்டா இருக்கற ஃபில் ஆப்ஷன் அகலத்த நிரப்பிட்டு மேலயும் கீழயும் வெட்டிடும், அதுல உயரத்துல கால்வாசி போயிடும். ஃபிட்னு மாத்தினா முழுப்படமும் வரும், ஆனா ரெண்டு பக்கமும் வெறும் கலர் பட்டை நிக்கும். ஸ்ட்ரெட்ச் பக்கமே போகாதீங்க, எல்லார் மூஞ்சியும் அகலமாயிடும். எத வெட்டணும்னு நீங்களே முடிவு பண்றதுதான் நல்லது: போட்டோஸ் ஆப்ல படத்த திறந்து எடிட், கிராப், 16:9 செலக்ட் பண்ணி, யார் முகமும் போகாத மாதிரி நகர்த்தி, சேவ் அஸ் காப்பி குடுங்க. ஒரிஜினல் அப்படியே இருக்கட்டும். இதுக்குன்னு தனி சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்ல, வால்பேப்பர் ஆப்னு கண்டதையும் இன்ஸ்டால் பண்ணாதீங்க.

என் அபிப்பிராயம், ஒரே போட்டோவுக்கு ரெண்டு கிராப் வெச்சுக்கோங்க. டெஸ்க்டாப்ல ஐகான் எல்லாம் இடது பக்கம் அடுக்கி நிக்கும், அதனால ஆள் வலது பக்கம் வரணும். லாக் ஸ்கிரீன்ல 11ல கடிகாரம் மேல நடுவுல வரும், அங்க முகம் இருந்தா மணி நேரா நெத்தில உக்காந்துரும், அதனால மேல கொஞ்சம் வானமோ சுவரோ விட்டு கிராப் பண்ணுங்க. 10ல கடிகாரம் கீழ இடது மூலைல.

லாக் ஸ்கிரீன். அதே பர்சனலைஸ்ல லாக் ஸ்கிரீன் போங்க, விண்டோஸ் ஸ்பாட்லைட்னு இருக்கறத பிக்சர்னு மாத்தி படத்த குடுங்க. ஸ்பாட்லைட்ல இருக்கற வரைக்கும் உங்க படம் வராது, அது தானா வேற வேற படம் போட்டுக்கிட்டே இருக்கும். கீழ டிப்ஸ், ஃபன் ஃபேக்ட்ஸ்னு ஒரு டிக் இருக்கும், அத எடுத்துடுங்க, படத்து மேல எழுத்து வராது. சைன் இன் ஸ்கிரீன்லயும் இதே படம் வரணும்னா அதுக்கும் அங்கயே ஒரு சுவிட்ச் இருக்கு. விண்டோஸ் கீயும் L கீயும் சேர்த்து அமுக்கினா உடனே பாக்கலாம். ஒண்ணு மட்டும், லாக் ஸ்கிரீன் பாஸ்வேர்டு போடாமலே யார் கண்ணுக்கும் தெரியும், ஆபீஸ் லேப்டாப்ல குழந்தைங்க போட்டோ வைக்கறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோங்க.

பின்னால சேர்த்தது: எல்லாம் பண்ணியும் மங்கலா இருக்குன்னு சில பேர் கேட்டீங்க. படம் எந்த வழியா கம்ப்யூட்டருக்கு வந்துச்சுன்னு பாருங்க. சாட்ல போட்டோவா அனுப்பினா அங்கயே அமுக்கி சின்னதாக்கிடும், டாக்குமென்ட்டா அனுப்புங்க இல்லன்னா கேபிள் போட்டு காப்பி பண்ணுங்க. அதுக்கு மேல, ஜேபெக் (.jpg ஃபைல்) படத்த வால்பேப்பரா வைக்கும்போது விண்டோஸும் தன் பங்குக்கு கொஞ்சம் தரத்த குறைக்குது, வானம் மாதிரி வழவழன்னு இருக்கற இடத்துல பட்டை பட்டையா தெரிஞ்சா பெயின்ட்ல திறந்து பிஎன்ஜியா (.png, தரம் குறையாம சேவ் ஆகற ஃபைல் வகை) சேவ் பண்ணி வெச்சு பாருங்க.

ரெண்டு மானிட்டர் வெச்சிருக்கவங்க, பேக்ரவுண்ட் பக்கத்துல ரீசன்ட் படங்கள் வரிசையா இருக்கும்ல, அதுல ஒண்ண ரைட் கிளிக் பண்ணா எந்த மானிட்டருக்குன்னு கேக்கும். இடது கிளிக் பண்ணா ரெண்டுலயும் அதே படம்தான் வரும்.