மருந்து அலமாரியில் முடங்கிய பணம்

என் கால்நடை மருத்துவமனையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மாதக் கடைசியில் கையில்தான் காசு நிற்காது. கணக்கைப் பிரித்துப் பார்த்தால், பணமெல்லாம் மருந்து அலமாரியில் கிடந்தது. மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்பார்கள். காலாவதியானதைக் குப்பையில் போட்டால் அது என்ன தள்ளுபடி?

சீக்கிரம் காலாவதியாகும் மருந்தை முன்வரிசைக்குக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குறைந்தபட்ச இருப்பு. அதைத் தொட்டால்தான் ஆர்டர், அதுவும் ஒரே ஆள் பொறுப்பில்.

தடுப்பூசிதான் பெரிய தலைவலி. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடேறும், பின்சுவரை ஒட்டினால் உறையலாம். நடுத்தட்டுக்கு மாற்றி, காலையும் மாலையும் வெப்பநிலையைக் குறிக்க வைத்தேன்.

அப்புறம், ஊசி போட்டவரே அங்கேயே பில் சீட்டில் எழுதிவிட வேண்டும். விட்டுப்போன கட்டணம் அதில்தான் பிடிபட்டது.