போர் நினைவிடத்தில் சங்கத்தின் மலர்வளையம்: தலைவரும் செயலாளரும் கவனிக்க வேண்டியவை

லண்டன் நகரத்தின் பழைய கில்டுகள், அதாவது வணிக-தொழில் சங்கங்கள், ஒரு ரெஜிமெண்டையோ போர்க்கப்பலையோ தங்களுக்கு உறவாக வரித்துக்கொள்வதுண்டு. நம்மூர் வணிகர் சங்கங்கள் படையினருக்காகச் செய்வது அதைவிட எளிமையானது: டிசம்பர் 7 கொடி நாளுக்கு நிதி திரட்டுவது, சென்னை காமராசர் சாலையில் கோட்டைக்குத் தெற்கே இருக்கும் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பது. இரண்டாவதில்தான் தவறு அதிகம் நடக்கிறது.

முதலில் நாள். ஜனவரி 15 ராணுவ தினம், ஆனால் அது பொங்கல் நேரம். பாதி உறுப்பினர்கள் சொந்த ஊரில் இருப்பார்கள். ஜூலை 26 கார்கில் போர் வெற்றி நாள், அதுவும் உண்டு. 1971 போர் வெற்றியை நினைவுகூரும் டிசம்பர் 16தான் வசதி. ஆனால் அது ராணுவமே நடத்தும் நிகழ்ச்சி, அழைப்பு இல்லாமல் போய் நிற்கக் கூடாது. ஆறு வாரம் முன்பே சங்க லெட்டர்ஹெட்டில் சென்னையிலுள்ள ராணுவத்தின் தக்ஷிண பாரத் ஏரியா தலைமையகத்துக்கு எழுதுங்கள். வருகிறவர்களின் பெயர், ஆதார் எண், வண்டி எண்ணை அதிலேயே சேர்த்துவிடுங்கள். ஆறு பேர் போதும். இருபது பேர் பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் இடம் கொடுக்க மனசு வராது.

வளையத்தைக் கோயம்பேட்டில் கட்டக் கொடுப்பதானால் அளவைச் சொல்லிக் கொடுங்கள். வெளிவிட்டம் 30 அங்குலம், நடு ஓட்டை 16 அங்குலம். வெறும் மூங்கில் பத்தையில் கட்டினால் கடற்கரைக் காற்றுக்குச் சாய்ந்துவிடும். கம்பி வளையத்தில் வைக்கோல் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். சாமந்தி ஒன்றரை கிலோ, ரோஜா இரண்டு கட்டு, ஓரத்துக்கு இலை. மல்லி வேண்டாம். பனிக்காலத்தில் வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும், வாங்கினாலும் வெயில் ஏறுமுன் வாடிவிடும். பூக்காரர் ஈர ஸ்பாஞ்சில் குத்துவதானால் ஒரு மணி நேரம் சாய்த்து வைத்துத் தண்ணீரை வடியவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் தூக்கி வருகிறவர் பேன்ட் முழங்கால் வரை நனையும். மொத்த எடை நான்கு கிலோவைத் தாண்டக் கூடாது.

ரிப்பன் நான்கு அங்குல சாட்டின். எழுத்தை அச்சடிக்கச் சொல்லுங்கள். ஒட்டுகிற எழுத்து டிசம்பர் மழையில் உதிர்ந்து 'வணிகர் சங்கம்' என்பது 'வணி சங்' ஆகிவிடும். சங்கத்தின் பெயரும் ஊரும் மட்டும் போதும். தலைவர் பெயர், செல்போன் எண், லோகோ எதுவும் வேண்டாம், அது விளம்பரப் பலகை இல்லை. மூவர்ண ரிப்பனையும் தவிர்த்துவிடுங்கள். தேசியக் கொடியில் எந்த எழுத்தும் இருக்கக் கூடாது என்பது கொடி விதி. ரிப்பன் கொடி ஆகாதுதான், ஆனாலும் மூவர்ணத்தின்மேல் கடைப்பெயர் எழுதி அதைத் தரையில் சாய்த்து வைப்பது உறுத்தும். இடது மேல் ஓரத்திலிருந்து வலது கீழ் ஓரத்துக்குக் குறுக்காக ஓடவிட்டு, இரு முனையிலும் பின் குத்துங்கள்.

நிகழ்ச்சியில் வளையத்தைப் பெரும்பாலும் வீரர்களே மெதுநடையில் ஏந்திப் போவார்கள். பின்னால் நடக்கும் தலைவர் அது வைக்கப்படும்போது இரு கையாலும் தொட்டு, இரண்டு எட்டு பின்வாங்கி, நிமிர்ந்து நிற்க வேண்டும். வைத்த கையோடு முதுகைக் காட்டித் திரும்பக் கூடாது. சல்யூட் அடிக்க வேண்டாம், அது சீருடைக்காரர்களுக்கு உரியது. கையைப் பக்கவாட்டில் வைத்து நின்றால் போதும். பியூகிள் ஊதுகுழலில் 'லாஸ்ட் போஸ்ட்' என்ற அஞ்சலி இசை தொடங்கியதிலிருந்து மௌனம் முடிந்து அடுத்த இசை ஒலித்து ஓயும் வரை யாரும் அசையக் கூடாது, போட்டோவும் கூடாது.

செருப்பு விஷயத்தில் நம்மவர்கள் தடுமாறுவார்கள். சமாதி மாதிரி நினைத்து ஒருவர் படியோரம் கழற்றுவார், அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். அதிகாரிகள் பூட்ஸோடுதான் நிற்பார்கள். ஷூ போட்டு வாருங்கள், கழற்றாதீர்கள்.

அடுத்தது பொன்னாடை. சங்கத்து மேடையில் யார் வந்தாலும் போர்த்தித்தான் பழக்கம். சீருடையிலிருக்கும் அதிகாரிக்குப் போர்த்தினால் தோளிலுள்ள பதவிச் சின்னமும் மார்பிலுள்ள பதக்கமும் மறைந்துபோகும். அவருக்குச் சங்கடம், ஆனால் சொல்ல மாட்டார். நினைவுப் பரிசு கொடுக்க ஆசையென்றால் நிகழ்ச்சி முடிந்தபிறகு கையில் கொடுங்கள். அழைப்பிதழில் ஓய்வுபெற்றவர் பெயர் வந்தால், 'கர்னல் (ஓய்வு) இன்னார்' என்று போடாமல் 'கர்னல் இன்னார் (ஓய்வு)' என்று அச்சிடுங்கள். ஓய்வுபெறுவது மனிதர்தான், பதவி இல்லை என்பது ராணுவத்தார் கணக்கு.

1949 முதல் நடக்கும் கொடி நாள் வசூலுக்கு, சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் கொண்ட சின்னக் கொடிகளை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். நீங்களே அச்சடித்து விற்காதீர்கள். பணத்தைக் காசோலையாக அங்கேயே செலுத்தி ரசீது வாங்குங்கள், ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை கிடையாது. காசோலையை நினைவிடத்தில் வைத்து நீட்டிப் படம் எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

மறுநாள் மாலை ஆள் அனுப்பி வாடிய வளையத்தை எடுத்துவர அனுமதி கேளுங்கள். கம்பியும் ஸ்டாண்டும் அடுத்த வருஷத்துக்கு ஆகும். பூவைக் குப்பைக்குக் கொடுங்கள், எதிரே கடல் இருக்கிறதே என்று ஸ்பாஞ்சோடு வீசிவிடாதீர்கள்.