ஆல்டர்னேட் பிக்கிங்: முன்கை இறுக்கத்தை வளர்க்கும் தவறுகள்

ஆசிரியரை வாரம் ஒருமுறை ஓசூரிலோ பெங்களூரிலோ பார்த்துவிட்டு, மற்ற நாட்களில் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ வீட்டில் தனியாகப் பழகும் கிட்டார் மாணவருக்கு, வலது கையை அருகிலிருந்து பார்த்துத் திருத்த ஆள் இருப்பதில்லை. ஆல்டர்னேட் பிக்கிங், அதாவது பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகட்டை) டவுன், அப் என்று மாறி மாறி ஓட்டி வாசிக்கும் முறை, ஒரு வேகம் வரை தடையின்றி வரும். அதைத் தாண்டினால் முழங்கைக்குக் கீழே தசை விறைத்துவிடும். அப்போது எல்லோரும் சொல்லும் அறிவுரை, கையைத் தளர்வாக வைத்துக்கொள் என்பதே. அது தவறான அறிவுரை அன்று, ஆனால் அதனால் பயன் குறைவு. இறுக்கம் பெரும்பாலும் வேறொரு பிழையின் விளைவாக வருகிறது. அந்தப் பிழை இருக்கும்வரை, எவ்வளவு தளர்த்தினாலும் அடுத்த வரியில் இறுக்கம் திரும்பிவிடும்.

அப்பிழைகளுள் முதன்மையானது கம்பி மாறும் இடத்தில் நடக்கிறது. ஒரே கம்பியில் வாசிக்கும்போது பிக் எந்தக் கோட்டில் சென்றாலும் ஒலி வந்துவிடும். ஆனால் அந்தக் கோடு கம்பிகளின் தளத்துக்கு இணையாக இருந்தால், ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் பிக் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் சிக்கி நிற்கும். அடுத்த கம்பிக்குப் போக அதை வெளியே தூக்கி, தாண்டி, மறுபடியும் உள்ளே இறக்க வேண்டும். இந்தத் தாவலின்போது மணிக்கட்டை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கின்றன. மெதுவாக வாசிக்கையில் கை இதைத் தாங்கிக்கொள்ளும். வேகம் ஏறும்போது ஒரு தசை தளர்வதற்குள் மற்றொன்று இழுக்கத் தொடங்கிவிடுவதால் முன்கை முழுவதும் விறைக்கிறது. பிக் செல்லும் கோட்டைச் சற்றுச் சாய்த்து, அப் ஸ்ட்ரோக் முடியும்போது அது தானாகவே கம்பிகளை விட்டு வெளியே வந்து நிற்குமாறு செய்தால், அந்த இடத்தில் தாவல் தேவைப்படாது. அவ்வாறு சாய்த்தபின் டவுன் ஸ்ட்ரோக் கம்பிகளுக்கு நடுவில்தான் முடியும். ஆகவே அப் ஸ்ட்ரோக்குக்குப் பின் கம்பி மாறுவது எளிதாகவும், டவுன் ஸ்ட்ரோக்குக்குப் பின் மாறுவது கடினமாகவும் இருக்கும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் இது தலைகீழாகும்.

கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சி ராகமான மாயாமாளவகௌளையின் ஆரோகணத்தை, அதாவது ஏறு வரிசையை, வைத்தே இதைச் சோதிக்கலாம். ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டை (கழுத்தில் விரல் அழுத்தும் கட்டத்தை) ஸட்ஜமாகக் கொண்டால், ஸ, ரி இரண்டும் அக்கம்பியில் 3, 4 ஆம் ஃப்ரெட்டுகளிலும், க, ம, ப மூன்றும் நான்காம் கம்பியில் 2, 3, 5 ஆம் ஃப்ரெட்டுகளிலும், த, நி, மேல் ஸ மூன்றாம் கம்பியில் 1, 4, 5 ஆம் ஃப்ரெட்டுகளிலும் அமையும். டவுனில் தொடங்கி முறை தவறாமல் வாசித்தால், ரிஷபம் (ரி) அப் ஸ்ட்ரோக்கில் விழுந்து கம்பி மாறும். பஞ்சமமோ (ப) டவுனில் விழுந்து மாறும். எட்டுச் சுரங்களுக்குள் இரண்டு வகை மாற்றமும் வந்துவிடுகின்றன. பஞ்சமத்திலிருந்து தைவதத்துக்கு (த) போகும் இடத்தில் மட்டும் கை தடுக்கினால், அப் ஸ்ட்ரோக்கில் வெளியே வரும் சாய்வையே உங்கள் கை இயல்பாகக் கொண்டிருக்கிறது என்று பொருள். பஞ்சமத்தைப் பிக்கால் மீட்டாமல் இடக்கை விரலை ஃப்ரெட்டில் தட்டி, ஹேமர் ஆன் முறையில் ஒலிக்கச் செய்தால், நான்காம் கம்பியும் அப் ஸ்ட்ரோக்கிலேயே முடிந்து, தைவதம் டவுனில் தொடங்கும். இதை ஏமாற்று வேலை என்று கருதுவோர் உண்டு. விரைவான வரியில் கேட்பவருக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை, வாசிக்கும் கைக்கோ பெரிய ஆறுதல் என்பதால், எனக்கு அந்த மறுப்பில் உடன்பாடில்லை.

ஜண்டை வரிசை இன்னும் தெளிவான சோதனை. ஸஸ ரிரி கக மம என்று ஒவ்வொரு சுரமும் இரண்டு முறை வருவதால், எங்கே கம்பி மாறினாலும் அது அப் ஸ்ட்ரோக்குக்குப் பின்னரே நிகழும். சரளியில், அதாவது மேலே சொன்னதுபோல் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிக்கையில், தடுமாறும் கை அதே வேகத்தில் ஜண்டையைத் தடையின்றி வாசித்தால், காரணம் உறுதியாகிறது.

மெதுவாகத் தொடங்கி மெட்ரோனோமை (சீரான துடிப்பு தரும் கருவியை) இரண்டிரண்டாக ஏற்றுவது மட்டுமே பயிற்சி என்று நம்புவது அடுத்த தவறு. துடிப்புக்கு நான்கு சுரம் என்ற கணக்கில், நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் வினாடிக்கு நான்கு சுரமே வரும். 120-இல் எட்டு வரும். நான்கு சுர வேகத்தில் தாவல் கண்ணுக்கே தெரியாது என்பதால், வாரக்கணக்கில் அந்தத் தாவலையே செம்மையாகப் பழகிவிடும் அபாயம் உண்டு. கர்நாடக இசைப் பயிற்சியில் ஒரு காலத்திலிருந்து அடுத்த காலத்துக்குப் போகும்போது வேகம் இரட்டிக்கிறது; அந்தப் பாய்ச்சல் கிட்டாருக்கும் நன்மை தரும். முதலில் ஒரே கம்பியில், சுத்தத்தைப் பற்றிக் கவலைப்படாமல், சில வினாடிகள் வேகமாக மீட்டி மணிக்கட்டு எப்படி அசைகிறது என்று கவனியுங்கள். பிறகு அதே அசைவை மெதுவான காலத்துக்குக் கொண்டுவாருங்கள். கைப்பேசியில் ஸ்லோ மோஷன் பதிவு செய்வதும் உதவும்: வினாடிக்கு எட்டுச் சுரம் வாசிக்கும்போது, 30 பிரேம் பதிவில் ஒரு சுரத்துக்கு நான்கு படம்கூடக் கிடைக்காது, 240 பிரேம் பதிவில் முப்பது கிடைக்கும்.

பிக்கை இறுக்கிப் பிடிப்பதற்குப் பெரும்பாலும் அதன் முனை கம்பிகளுக்கு இடையே ஆழமாக இறங்குவதே காரணம். ஓரிரு மில்லிமீட்டர் முனை கம்பியில் பட்டால் போதும். பிக்கைத் தட்டையாக வைக்காமல் அதன் ஓரம் கம்பியைத் தழுவுமாறு சற்றுத் திருப்பினால் எதிர்ப்பும் குறையும். கார்டு, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் சுரக் கூட்டு, வாசிக்க வசதியான அரை மில்லிமீட்டர் பிக், தனிச் சுரங்களை விரைவாக வாசிக்கும்போது வளைந்து திரும்பத் தாமதிக்கும். ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தடிமன் நல்லது. ஏப்ரல், மே மாதத் தருமபுரி வெயிலில் வியர்வையால் பிக் வழுக்குவதும் பிடியை இறுக வைக்கும் என்பதால், சொரசொரப்பான பிக்கை வாங்குங்கள், அல்லது இருப்பதையே உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

முழங்கையை அசைத்து வாசிப்பதே தவறு என்பது மிகையான கருத்து. அவ்வாறு மிக வேகமாக வாசிக்கும் கலைஞர்கள் உண்டு. தோளைத் தூக்கிக்கொண்டு, மணிக்கட்டைப் பூட்டி, வேகத்தை வலிமையால் பிடுங்க முயல்வதுதான் கெடுதல். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் தோள் தானாகவே உயர்ந்துவிடும். கைப்பிடி இல்லாத முக்காலி மேல். பெரிய அகூஸ்டிக் கிட்டாரின் கூரான விளிம்பு முன்கையின் உட்புறத்தை அழுத்தினால் விரல்கள் மரத்துப்போகக்கூடும், எனவே கை விளிம்பில் படும் இடத்தைச் சற்று மாற்றுங்கள். வலியோ மரத்துப்போதலோ ஓய்வுக்குப் பின்னும் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

ஊர்த் திருவிழா மேடையிலோ தேவாலயத்திலோ நின்று வாசிப்பவர்கள், பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று வாரைத் தாழ்த்தித் தொங்கவிடுவது, உட்கார்ந்து பழகிய கோணம் முழுவதையும் மாற்றிவிடும். உட்கார்ந்திருக்கும்போது கிட்டார் மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே எங்கே அமைகிறதோ, நிற்கும்போதும் அங்கேயே வருமாறு வாரின் நீளத்தைச் சரிசெய்து, வாரத்தில் ஓரிரு நாள் பயிற்சியையும் நின்றே செய்யுங்கள்.